இட்லியை மறுபடி அரிசியாக்க முடியுமா?

2023 பிப்ரவரியில் பிரதமர் மோடி வெளிர்நீல நிறத்தில் ஒரு கையில்லா மேற்சட்டை அணிந்து நாடாளுமன்றத்துக்கு வந்தார். வீசியெறிந்த தண்ணீர் பாட்டில்களை உருக்கி இழையாக்கி நெய்த துணி அது. துணி போனது கரூரிலிருந்து. நாடே வியந்து பேசியது. கரூர், திருப்பூர்ப் பக்கத்து ஆட்கள் அவ்வளவாக வியக்கவில்லை. பாட்டிலைக் கழுவி, நறுக்கி, பிளேக்ஸ் ஆக்கி, உருக்கிப் பஞ்சாக இழுத்து நூற்பாலைக்கு அனுப்புவது அங்கே பழகிப்போன தொழில்.

வியக்க வேண்டிய இடம் வேறு. பாட்டில் ஏன் சட்டையாக வேண்டும்? அலுமினிய டப்பாவை உருக்கினால் மறுபடி அலுமினிய டப்பா கிடைக்கிறது. பாட்டிலை உருக்கினால் மட்டும் ஏன் பெரும்பாலும் பாட்டில் கிடைப்பதில்லை? சரி, சட்டையே ஆகட்டும். அந்தச் சட்டை கிழிந்த பிறகு என்ன ஆகும்?

கடைசிக் கேள்விக்கு விடை சுருக்கமானது. குப்பைமேட்டுக்குப் போகும், அல்லது சிமெண்ட் ஆலையின் சூளைக்குப் போகும். முதல் கேள்விக்கு விடை சொல்ல அடுக்களைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

காலையில் மீந்த இட்லியை உதிர்த்துத் தாளித்தால் மாலையில் இட்லி உப்புமா. ருசியில் குறையில்லை. ஆனால் அந்த உப்புமாவை மறுபடி தட்டில் ஊற்றி இட்லியாக வேகவைக்க முடியாது. புது இட்லி வேண்டுமென்றால் அரிசியும் உளுந்தும்தான் வேண்டும். இன்று உலகில் நடக்கும் பிளாஸ்டிக் மறுசுழற்சியில் மிகப் பெரும்பகுதி இந்த உப்புமா வகை. நறுக்குவது, உருக்குவது, இன்னொன்றாக வார்ப்பது. பொருள் அதேதான், தரம் ஒரு படி கீழே. வேதி மறுசுழற்சி என்று இன்று பேசப்படுவது அதைவிடப் பேராசையான வேலை: வெந்த இட்லியைப் பிரித்து அரிசியைத் தனியாகவும் உளுந்தைத் தனியாகவும் திரும்ப எடுப்பது. அடுப்படியில் நடக்காத இந்த வித்தை சில பிளாஸ்டிக்குகளில் நடக்கிறது.

அந்தப் பேராசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கையர், ஜாம்பெக், லா என்ற மூன்று ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட கணக்கின்படி, 2015 வரை மனிதர்கள் செய்த பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன். அதில் குப்பையானது 630 கோடி டன். அந்தக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போனது 9 விழுக்காடு.

தண்ணீர் பாட்டிலின் அடியைத் திருப்பிப் பார்த்தால் முக்கோணத்துக்குள் 1 என்ற எண் இருக்கும். பெட் என்னும் பிளாஸ்டிக்கின் அடையாளம் அது. முழுப்பெயர் பாலிஎத்திலீன் டெரிப்தாலேட். பெயர் மிரட்டினாலும் இதுவும் இட்லியைப் போல இரண்டே பொருளில் ஆனது. ஒன்று டெரிப்தாலிக் அமிலம், வெள்ளைப் பொடி. இன்னொன்று எத்திலீன் கிளைகால், கார் ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விப்பானில் இருக்கிற கொழகொழத்த திரவம். அமிலத்தின் ஒரு மூலக்கூறுக்கு இரு முனைகளிலும் பிடி உண்டு, கிளைகாலுக்கும் அப்படியே. அமிலத்தின் முனையும் கிளைகாலின் முனையும் சேரும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று வெளியே போகிறது. அந்த இணைப்புக்கு எஸ்டர் பிணைப்பு என்று பெயர். இரண்டுக்கும் இரு முனைகள் இருப்பதால் சேர்க்கை ஓரிடத்தில் நிற்காமல் அமிலம், கிளைகால், அமிலம், கிளைகால் என்று நீளும். இப்படி சிறு மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்து உண்டாகும் நீண்ட மூலக்கூறைப் பலபடி என்றும், கோக்கப்பட்ட சிறு துண்டை ஒருபடி என்றும் நம் பாடநூல்கள் சொல்கின்றன.

எஸ்டர் பிணைப்புகள் பல சேர்ந்தால் பாலியஸ்டர். அதாவது தண்ணீர் பாட்டிலும் பாலியஸ்டர் புடவையும் வேதியியல் கண்ணுக்கு ஒன்றுதான். இந்தப் பொருளை 1941இல் கண்டுபிடித்த வின்ஃபீல்டும் டிக்சனும் இங்கிலாந்தில் ஒரு துணி அச்சு நிறுவனத்தின் வேதியியலாளர்கள். அவர்களுக்கு வேண்டியது புதிய இழை. டெரிலின் என்ற பெயரில் அது நம் ஊர் வரை வந்து ஒரு தலைமுறையின் கல்யாணச் சட்டையானது. பாட்டில் வெகு பின்னால் வந்த யோசனை. டூபாண்ட் நிறுவனப் பொறியாளர் நதானியேல் வைத் அதற்குக் காப்புரிமை பெற்றது 1973இல். ஆக, பாட்டில் துணியாவது புதுமையல்ல. பிறந்த வீட்டுக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான்.

இழைக்கும் பாட்டிலுக்கும் பொருள் ஒன்றானாலும் சங்கிலியின் நீளம் வேறு. சோடா நிரப்பிய பாட்டிலின் சுவரை உள்ளிருக்கும் வாயு இடைவிடாமல் வெளியே தள்ளுகிறது. அதைத் தாங்க நீளமான சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்க வேண்டும். இழைக்கு அவ்வளவு நீளம் வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியாத சங்கிலியின் நீளத்தை எப்படி அளக்கிறார்கள்? இதில் ஒரு பழைய சண்டை இருக்கிறது. 1920இல் ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கர், ரப்பர் போன்ற பொருள்கள் ஆயிரக்கணக்கான அணுக்கள் வரிசையாகப் பிணைந்த மாபெரும் மூலக்கூறுகள் என்று எழுதினார். அவ்வளவு பெரிய மூலக்கூறு இருக்க முடியாது, சிறு மூலக்கூறுகள் கும்பலாக ஒட்டிக்கொண்டிருப்பதைத்தான் இவர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று சக வேதியியலாளர்கள் பலர் மறுத்தார்கள். ஸ்டாடிங்கர் தம் வாதத்துக்குப் பயன்படுத்திய சான்றுகளில் ஒன்று மிக எளிமையானது. பொருளை ஒரு கரைப்பானில் கரைத்து, மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியே ஓடவிட்டு, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பது. சங்கிலி நீளமானால் கரைசல் மெதுவாக ஓடும். 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெட் ஆலைகளில் இன்றும் ஒவ்வொரு சரக்கையும் தரம் பிரிப்பது இந்த ஓட்ட அளவீட்டின் வழியாகத்தான். பாட்டிலுக்கான சிப்ஸ் (வார்க்கத் தயாரான பெட் மணிகள்) என்றால் இந்த அளவீட்டின் எண் 0.8ஐ ஒட்டி இருக்க வேண்டும். துணி இழைக்கு 0.6ஐ ஒட்டி இருந்தால் போதும்.

பாட்டில் சட்டையாவதன் காரணம் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது. பெட் உருக 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் பிளேக்ஸில் கொஞ்சம் ஈரம் ஒட்டியிருந்தாலும் போதும், எஸ்டர் பிணைப்புக்குள் தண்ணீர் புகுந்து வெட்டும். பிணைப்பு உண்டானபோது வெளியே போன அதே தண்ணீர்தான் இப்போது திரும்பி வந்து பிரிக்கிறது. எவ்வளவு உலர்த்தினாலும் ஒவ்வொரு உருக்கலிலும் சங்கிலி சற்றுக் குட்டையாகும், நிறம் சற்று மஞ்சளாகும். பாட்டிலைச் சுற்றியிருக்கும் லேபிள் பிவிசியாக இருந்தால் இன்னும் மோசம். மூடிகள் தண்ணீர்த் தொட்டியில் மிதந்துவிடும், அள்ளி எடுத்துவிடலாம். பிவிசியும் பெட்டும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி, இரண்டும் சேர்ந்து மூழ்கும். தப்பிப் போன பிவிசி துண்டு உருக்கும் கலத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்கி சங்கிலி வெட்டுப்படுவதை வேகப்படுத்தும்.

குட்டையான சங்கிலியை மீண்டும் நீட்டவும் வழியுண்டு. சிப்ஸை உருகுநிலைக்குக் கீழே, வெற்றிடத்திலோ நைட்ரஜன் சூழலிலோ பல மணி நேரம் சூட்டில் வைத்தால் முனைகள் மறுபடி கோத்துக்கொள்ளும். நிறமில்லாத, சுத்தமான பாட்டில்கள் தனியாகக் கிடைத்தால் இந்த வழியில் பாட்டிலிலிருந்து பாட்டில் செய்யலாம், செய்கிறார்கள். இந்தியாவில் 2025-26 முதல் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி, பாட்டில் வகைகளில் 30 விழுக்காடு மறுசுழற்சிப் பொருள் சேர்க்க வேண்டும் என்று விதி வந்தபின் அந்தச் சுத்தமான பாட்டிலுக்குக் கிராக்கி கூடத்தான் செய்யும். இங்கே என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன்: சுத்தமான பாட்டிலுக்கு வேதி மறுசுழற்சி தேவையே இல்லை. நல்ல இட்லியை எதற்காக அரிசியாக்க வேண்டும்? அந்த வித்தை தேவைப்படும் இடம் பச்சை பாட்டில், பழுப்பு பாட்டில், பல அடுக்கு உணவுத்தட்டு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பழந்துணி. உலகில் செய்யப்படும் பெட்டில் பெரும்பங்கு பாட்டிலாக அல்ல, துணியாகத்தான் போகிறது.

உருக்கும்போது தண்ணீர் வெட்டுவது அரைகுறையான வெட்டு. அதனால்தான் தொல்லை. ஒவ்வொரு எஸ்டர் பிணைப்பையும் விடாமல் வெட்டிவிட்டால்? சங்கிலி இருந்த இடத்தில் தொடக்கத்தில் இருந்த இரண்டு பொருளும் மிஞ்சும். சாயத்தை வடிகட்டி, அழுக்கை நீக்கி, படிகமாக்கி எடுத்தால் புதிதாகச் செய்ததற்கும் இதற்கும் வேறுபாடு கண்டுபிடிக்க முடியாது. மூலக்கூறுக்குத் தன் முற்பிறவி நினைவில் இருப்பதில்லை.

வெட்டுவதற்குத் தண்ணீர் மட்டும்தான் வேண்டும் என்றில்லை. தண்ணீரால் வெட்டினால் நீராற்பகுப்பு, மெத்தனாலால் வெட்டலாம், கிளைகாலாலேயே வெட்டலாம். மெத்தனால் வழி பழையது. கோடாக் நிறுவனம் பழைய எக்ஸ்ரே பிலிமைப் பல ஆண்டுகளாக அப்படித்தான் மீட்டது. அந்த மரபில் வந்த ஈஸ்ட்மேன் நிறுவனம் அமெரிக்காவின் கிங்ஸ்போர்ட்டில், ஆண்டுக்கு 1 லட்சம் டன்னுக்கு மேல் கழிவைக் கையாளும் ஆலையை 2024இல் ஓட்டத் தொடங்கியது. மெத்தனால் நச்சு, உயர் அழுத்தமும் வேண்டும். எனவே மென்மையான வழி தேடுகிறவர்களுக்குக் கிளைகால்மேல் ஒரு கண்.

கிளைகால் வழியில் ஒரு நேர்த்தி இருக்கிறது. பெட் செய்யும்போது மிகையான கிளைகாலை வெற்றிடம் வைத்து உறிஞ்சி எடுத்தால்தான் சங்கிலி நீளும். அதைத் தலைகீழாகச் செய்தால்? பெட்டை நிறையக் கிளைகாலில் போட்டு 200 டிகிரியை ஒட்டிச் சூடாக்கினால் சங்கிலி அவிழ்ந்து, ஓர் அமிலத்தின் இருபுறமும் ஒவ்வொரு கிளைகால் ஒட்டிய சிறு மூலக்கூறு கிடைக்கும். சுருக்கப் பெயர் பிஹெச்இடி. அரிசி, உளுந்து வரை போகாமல் மாவு நிலையிலேயே நிறுத்திவிடுகிறோம். அங்கிருந்து மறுபடி பெட் செய்வது சுலபம். சுடுநீரில் இது கரையும், ஆறினால் வெள்ளைப் படிகமாகப் பிரியும். சுத்திகரிப்புக்கு இந்தக் குணம் வரம்.

வினையை விரைவுபடுத்த வினையூக்கி வேண்டும். வழக்கமாக துத்தநாக அசிடேட். இங்கேதான் சுற்றுச்சூழல் கேள்வி முதலில் தலைகாட்டுகிறது. வேலை முடிந்ததும் அந்த உலோக உப்பு விளைபொருளோடு கலந்து கிடக்கும். பிரித்தெடுக்கச் செலவு, பிரிக்காவிட்டால் அடுத்த பெட்டின் நிறம் கெடும். கலிபோர்னியாவில் உள்ள ஐபிஎம் ஆய்வகம் 2019இல் அறிவித்த முறை இதற்குச் சொன்ன தீர்வு எனக்குப் பிடித்தமானது. வினையூக்கியாக டிரைஎத்திலமின் என்ற திரவத்தை எடுத்துக்கொண்டார்கள். அதன் கொதிநிலை 89 டிகிரிதான். மூடிய கலத்தில் அழுத்தத்தோடு 200 டிகிரிக்கு மேல் வேலை நடக்கும்; முடிந்ததும் அழுத்தத்தைத் தளர்த்தினால் வினையூக்கி ஆவியாகித் தானே வெளியேறும், குளிர்வித்துப் பிடித்து அடுத்த ஈட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். பிரிப்பதற்கென்று தனி வேலை ஏதுமில்லை.

துணிக்கு வருவோம். துணியில் பாலியஸ்டர் தனியாக இருப்பதில்லை. பருத்தி கலந்திருக்கும், நைலான் இருக்கும், இழுபடுவதற்காக எலாஸ்டேன் இருக்கும் (கடையில் லைக்ரா என்பார்கள்). உருக்கும் வழியில் இந்தக் கலவையை எதுவும் செய்ய முடியாது; பருத்தி உருகாது, கருகும். ஆனால் வேதிவினைக்கு ஆள் பார்த்து அடிக்கும் குணம் உண்டு. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் எர்ஹா அந்தினி, டியோனிசியோஸ் விளாக்கோஸ் ஆகியோரின் குழு 2024இல் வெளியிட்ட ஆய்வில், கலவைத் துணியைக் கிளைகாலில் போட்டு, துத்தநாக ஆக்சைடை வினையூக்கியாகச் சேர்த்து, மைக்ரோவேவில் 15 நிமிடம் வைத்தார்கள். பாலியஸ்டர் பிஹெச்இடியாக அவிழ்ந்தது. எலாஸ்டேனும் அதன் சிறு மூலக்கூறுகளாக உடைந்தது. பருத்தியும் நைலானும் அப்படியே தப்பின. பருத்தியின் சங்கிலியிலும் நைலானின் சங்கிலியிலும் வெட்டக்கூடிய பிணைப்புகள் உண்டு, ஆனால் அவை எஸ்டர் அல்ல. அவற்றை அவிழ்க்க வேறு நிலைமைகள் வேண்டும்.

ஹாங்காங்கின் துணி, ஆடை ஆய்வு நிறுவனமோ நேர்மாறான வழியில் போனது. அழுத்தத்தில் சுடுநீரும் சிறிதளவு உயிர்ச்சிதைவுறும் வேதிப்பொருளும் கொண்டு பருத்தியைப் பொடியாக உதிர்த்துவிட்டு, பாலியஸ்டர் இழையை இழையாகவே மீட்பது அவர்கள் முறை. எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. மீண்டும் நூற்கும் தரத்தில் இழை கிடைக்கிறதென்றால் அதை வெட்டாமல் விடுவதுதான் சிக்கனம். சாயமேறிய, நைந்த இழையென்றால் வெட்டுவது.

எல்லா முறைகளிலும் பத்திரிகைகளுக்கு மிகவும் பிடித்தது நுண்ணுயிர் முறை. 'பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா' என்ற தலைப்பு இல்லாத ஆண்டே இல்லை. அது கண்டுபிடிக்கப்பட்ட விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஜப்பானில் ஒசாகாவுக்குப் பக்கத்தில் சாக்காய் என்ற ஊர். அங்கே ஒரு பாட்டில் மறுசுழற்சித் தளத்தைச் சுற்றி மண், வண்டல், கழிவுநீர் என்று 250 மாதிரிகளைக் கோஹெய் ஓடா, ஷோசுகே யோஷிதா ஆகியோரின் குழு எடுத்தது. ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய பெட் தாளைப் போட்டு, அதைத் தவிர வளர்ச்சிக்குப் பெரிதாக வேறு உணவு எதுவும் தராமல் காத்திருந்தார்கள். 46ஆம் எண் மாதிரியில் தாளின்மேல் நுண்ணுயிர்க் கூட்டம் படர்ந்தது. அதிலிருந்து ஒரு பாக்டீரியாவைத் தனியே பிரித்து, இடியோனெல்லா சாக்காயென்சிஸ் என்று ஊர்ப்பெயரையே வைத்தார்கள். ஆய்வு 2016 மார்ச்சில் 'சயன்ஸ்' இதழில் வந்தது.

அது தின்றது என்று எப்படித் தெரியும்? தாளின் எடை குறைந்ததைப் பார்த்தார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் குழிகளைப் பார்த்தார்கள். ஆனால் எடை குறைவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், குழிக்கும் அப்படியே. உறுதியான சான்று, பாக்டீரியா சுரக்கும் நொதியைத் தனியே பிரித்தெடுத்துத் தாளோடு சேர்த்தபோது கிடைத்தது. உயிரே இல்லாத கரைசலில், வெறும் நொதியால், பெட் உடைந்த துண்டுகள் வெளிவந்தன. அந்த நொதிக்குப் பெட்டேஸ் என்று பெயர். இன்னொரு நொதி அந்தத் துண்டுகளை அமிலமாகவும் கிளைகாலாகவும் முடித்து வைக்கிறது.

தலைப்புகள் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. பாக்டீரியா தாளை முடிக்க 30 டிகிரியில் 6 வாரம் ஆனது. அந்தத் தாளில் படிக ஒழுங்கு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. கடைப் பாட்டிலை இரு திசையிலும் இழுத்து ஊதுவதால் அதன் சங்கிலிகளில் கணிசமான பகுதி வரிசையாக அடுக்கி இறுகியிருக்கும். நொதி நுழைய இடமில்லை. பாட்டிலைப் பாக்டீரியாவிடம் கொடுத்தால் அது பட்டினி கிடக்கும்.

அதற்குள் இன்னொரு நொதி வேறு இடத்தில் காத்திருந்தது. 1970இல் ஒசாகாவில் உலகக் கண்காட்சி நடந்த பூங்காவில் இலைதழைகளைக் குவித்து மக்க வைத்திருந்த உரக்குவியலில் இருந்து, 2012இல் ஒசாகா பல்கலைக்கழகத்தார் அதன் மரபணுவை எடுத்திருந்தார்கள். இலைக்கும் பெட்டுக்கும் என்ன உறவு? இலையின் மேற்தோலில் க்யூட்டின் என்ற பொருள் இருக்கிறது. அது இயற்கை செய்த பாலியஸ்டர். கோடிக்கணக்கான ஆண்டுகளாக இலைகளை மக்க வைக்கும் நுண்ணுயிர்களிடம் எஸ்டர் பிணைப்பை வெட்டும் நொதிகள் இருந்தே தீர வேண்டும். உரக்குவியலின் உள்ளே சூடு அதிகம் என்பதால் இந்த நொதி சூட்டுக்கும் பழகியது.

சூடு ஏன் முக்கியம்? பெட் 70 டிகிரியை நெருங்கும்போது அதன் ஒழுங்கற்ற பகுதிகளில் சங்கிலிகள் நெகிழ்ந்து அசையத் தொடங்கும். நொதிக்கு இடம் கிடைக்கும். அதற்கும் மேல் போனால் சங்கிலிகள் படிகமாக அடுக்கிக்கொண்டு மறுபடி இறுகும். அந்தக் குறுகிய இடைவெளியில் பல மணி நேரம் வேகாமல் தாங்கும் நொதி வேண்டும். பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்களும் கார்பியோஸ் நிறுவனமும் உரக்குவியல் நொதியின் கட்டமைப்பைத் திருத்தி, அதன் இரு பகுதிகளுக்கு நடுவே ஒரு கந்தகப் பாலம் போட்டுக் கெட்டியாக்கினார்கள். 2020இல் 'நேச்சர்' இதழில் வந்த முடிவு: 72 டிகிரியில், 10 மணி நேரத்தில், 90 விழுக்காடு பெட் ஒருபடிகளாகப் பிரிந்தது. அவற்றிலிருந்து மறுபடி பாட்டிலும் ஊதிக் காட்டினார்கள். ஆறு வாரத்திலிருந்து பத்து மணி நேரம். லாங்லாவில் என்ற ஊரில் ஆலைக்கு 2024இல் அடிக்கல்லும் நாட்டினார்கள். பிறகு பணம் திரட்டுவதில் சிக்கலாகிக் கட்டுமானம் தள்ளிப்போனது.

இதுவரை சொன்னதெல்லாம் எஸ்டர் பிணைப்பு தந்த சலுகை. ஆவின் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டால் கதை வேறு. அது பாலிஎத்திலீன், முழுக்கக் கார்பனோடு கார்பன் கோத்த சங்கிலி. எந்தப் பிணைப்பும் மற்றதைவிட இளகியதில்லை, தண்ணீரும் கிளைகாலும் தொட முடியாது. ஒரே வழியாக இன்று பெரிய அளவில் நடப்பது வெப்பச் சிதைவு. காற்றில்லாத கலத்தில் 400 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் சங்கிலி கண்ட இடத்தில் முறிந்து எண்ணெய், வாயு, மெழுகு, கரி என்று கலவையாக வரும். அந்த எண்ணெயைச் சுத்திகரித்து, இன்னும் அதிகச் சூட்டில் உடைத்து, எத்திலீன் எடுத்து, மறுபடி பாலிஎத்திலீன் செய்யலாம். இட்லியை எரித்துச் சாம்பலாக்கி, அதை வயலில் போட்டு நெல் விளைவிப்பதும் ஒருவகையில் இட்லியிலிருந்து அரிசி எடுப்பதுதான். நடைமுறையில் அந்த எண்ணெயின் ஒரு பங்கு எரிபொருளாகவே போய்விடுகிறது. எரிப்பதை மறுசுழற்சி என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபான் மெக்கிங் குழு இதை மறுமுனையிலிருந்து அணுகியது. பாலிஎத்திலீனைப் போன்ற சங்கிலியில் ஆங்காங்கே மிகக் குறைவாக எஸ்டர் போன்ற பிணைப்புகளைச் செய்யும்போதே வைத்துவிட்டார்கள். பொருளின் வலிமை ஏறக்குறைய மாறவில்லை. ஆனால் 120 டிகிரியில் ஆல்ககாலில் போட்டால் அந்த இடங்களில் மட்டும் வெட்டுப்பட்டு, 96 விழுக்காட்டுக்கு மேல் மூலப்பொருள் திரும்பக் கிடைத்தது. 2021இல் வந்த ஆய்வு இது. ஏற்கெனவே குப்பையில் கிடக்கும் பாலிஎத்திலீனுக்கு இதனால் பயனில்லை.

சூழலுக்கு உகந்தது என்ற பட்டத்தை யாருக்குக் கொடுப்பது? நொதி இயற்கையானது, 72 டிகிரி குறைந்த சூடு. எனவே அதற்கே கொடுத்துவிடத் தோன்றும். அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் உட்கார்ந்து கணக்குப் போட்டது. பாட்டில் வாசலுக்கு வருவது முதல் ஒருபடி வெளியேறுவது வரை ஆகும் மின்சாரம், வெப்பம், வேதிப்பொருள், கழிவு அனைத்தையும் சேர்த்துப் பார்க்கும் முறை இது. வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்பார்கள். 2022இல் வந்த முடிவு பலருக்கு அதிர்ச்சி. நொதி முறை அன்றிருந்த நிலையில், பெட்ரோலியத்திலிருந்து புதிதாக டெரிப்தாலிக் அமிலம் செய்வதைவிடப் பல அளவீடுகளில் சூழலுக்கு அதிகக் கேடு செய்தது. அடுத்த ஆண்டு அதே ஆய்வகம் எல்லா முறைகளையும் ஒன்றாக நிறுத்திப் பார்த்தபோது, செலவிலும் சூழல் பாதிப்பிலும் நல்ல பெயர் எடுத்தது உருக்கி வார்க்கும் பழைய வழிதான், தரம் குறைவானாலும். வெப்பச் சிதைவும், பிளாஸ்டிக்கை வாயுவாகவே மாற்றும் வாயுவாக்கல் முறையும் புதுப் பிளாஸ்டிக் செய்வதைவிட 10 முதல் 100 மடங்கு மோசம்.

நொதி முறையில் கேடு எங்கிருந்து வந்தது? நொதியிடமிருந்து வரவில்லை. படிகமாக இறுகிய பாட்டிலை நொதி தொடாது என்று பார்த்தோம். அதற்காக அதை முதலில் உருக்கிச் சட்டென்று குளிர்வித்துப் பொடியாக்க வேண்டும், அதற்கு மின்சாரம். அதைவிடப் பெரியது உப்பு. பெட் பிரியப் பிரிய அமிலம் வெளிவருகிறது, கரைசல் புளிக்கிறது, நொதி சுணங்குகிறது. அதை ஈடுகட்ட காஸ்டிக் சோடாவை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதனால் டெரிப்தாலிக் அமிலம் சோடியம் உப்பாகக் கரைந்து நிற்கும். அதைத் திடப்பொருளாக வெளியே எடுக்கக் கந்தக அமிலம் ஊற்ற வேண்டும். ஊற்றினால் சோடியம் சல்பேட் மிஞ்சும். வேதிச் சமன்பாட்டின்படி, 1 கிலோ பெட்டை முழுவதுமாகப் பிரித்தால் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான உப்பு. உப்புத்தானே என்று திருப்பூரில் நொய்யல் ஆற்றங்கரையில் யாரும் சொல்ல மாட்டார்கள். சாயப்பட்டறைகள் பயன்படுத்தும் உப்புகளில் இந்தச் சோடியம் சல்பேட்டும் ஒன்று. கழிவுநீரால் ஆறு கெட்ட வழக்கில் 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளையே மூட உத்தரவிட்டது.

எனவே அடுத்த முன்னேற்றம் நொதியைத் தேடிப் போகவில்லை, காரத்தைத் தேடிப் போனது. கணக்குப் போட்ட அதே ஆய்வகமும் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2025இல் வெளியிட்ட ஆய்வில் காஸ்டிக் சோடாவுக்குப் பதில் அம்மோனியாவை வைத்தார்கள். அமிலம் இப்போது அம்மோனியம் உப்பாகக் கரைகிறது. அந்த உப்பைப் பிரித்துச் சூடாக்கினால் அம்மோனியா வாயுவாகக் கழன்றுவிடும்; டெரிப்தாலிக் அமிலம் கந்தக அமிலத்தின் தயவில்லாமல் தானாக மிஞ்சும். வெளியேறிய அம்மோனியாவைப் பிடித்து மறுபடி கலத்துக்கே அனுப்பலாம். அமிலமும் காரமும் வாங்கும் தேவை 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது, சோடியம் சல்பேட் மலையும் இல்லை. பாட்டிலை உருக்கிக் குளிர்வித்துப் பொடியாக்கும் மின்சாரம் மட்டும் கணக்கில் அப்படியே நிற்கிறது. அது நிலக்கரியிலிருந்து வருகிறதா, காற்றாலையிலிருந்து வருகிறதா என்பதைப் பொறுத்து இதே ஆலை ஓர் ஊரில் சூழலுக்கு உகந்ததாகவும் இன்னோர் ஊரில் அப்படி இல்லாததாகவும் இருக்கும்.